மஞ்சள் மழைக்கோட்டில் இருந்தது நான் இல்லை

மேகாலயாவில் நோங்ரியாட் கிராமத்தைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் வானவில் அருவி என்று ஒன்று இருக்கிறது. அதை நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தண்ணீர் என்ன நிறம், எவ்வளவு குளிர், எந்தப் பாறையில் உட்கார்ந்தால் சாரல் முகத்தில் அடிக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் விலாவாரியாக விளக்கினேன். எல்லாம் அடுத்தவர் வாயிலிருந்து எடுத்த சரக்கு.

வெட்டிப் பெருமைக்குச் சொன்ன பொய்யோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். என் பேச்சை நம்பி ஒரு வயதான தம்பதி அங்கே போனார்கள். அடிபட்டுத் திரும்பினார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இந்த வாக்குமூலம்.

நான் தென்காசிப் பக்கத்து ஆள். டெல்லி சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. எங்கள் தூதரக வட்டாரத்தில் மலை என்று எதுவும் கிடையாது. அகலமான சாலை, இருபுறமும் மரம், மதிற்சுவர், காவலர், கொடிக்கம்பம். இங்குள்ள தமிழ்நாடு அரசின் விருந்தினர் இல்லங்களுக்கு வைகை என்றும் பொதிகை என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறும் மலையும் எங்களுக்குப் பெயர்ப்பலகையில்தான். காலையில் நேரு பூங்காவில் நடக்க வரும் தமிழர்களுக்கு என்னைக் கண்டதும் குற்றாலம் ஞாபகம் வந்துவிடும். ஜூன் பிறந்தால் போதும், "என்ன தம்பி, ஊர்ல சீசன் ஆரம்பிச்சாச்சா?" என்பார்கள். ஐந்தருவியில் கூட்டம் எப்படி, பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டுகிறதா, குளிக்க விடுகிறார்களா என்று நான் ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வேன். அருவி என்றாலே என் பக்கம் கையைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

குற்றாலத்துக்காரன் என்பதற்காக ஒருவன் மலையேறத் தெரிந்தவன் ஆகிவிட மாட்டான். இதை அவர்கள் யோசிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. பேரருவிக்குப் போக மலையே ஏற வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைவீதி வழியாக நடந்தால் அருவி. உச்சியிலிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதும் இல்லை. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, அங்கே நிரம்பி வழிந்து, வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துவிட ஆள் இருக்கிறது. வெளியே வந்தால் சுடச்சுட பஜ்ஜி. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த அருவி இதுதான்.

காட்டுக்குள் ஏறிப்போக வேண்டிய அருவிகளும் எங்கள் ஊரில் உண்டு. பேரருவிக்கு மேலே செண்பகாதேவி, அதற்கும் மேலே பாறை இடுக்குகளில் தேன்கூடுகள் தொங்கும் தேனருவி. வனத்துறை இப்போது விடுவதில்லை. முன்பு தெருப் பையன்கள் திருட்டுத்தனமாகப் போய் வருவார்கள். நான் ஒருபோதும் போனதில்லை. எனக்கு உயரம் என்றால் பயம். பள்ளத்தைப் பார்த்தால் உள்ளங்கால் கூசும், முட்டிக்குக் கீழே கால் என்னுடையதாக இருக்காது. இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கல்லூரி விடுதியிலேயே "தேனருவி வரைக்கும் போயிருக்கேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். மேகாலயாப் பொய் அந்த அஸ்திவாரத்தின் மேல் எழுந்த மாடி.

அலுவலகத்து இளைஞர்கள் சிலர் ஓர் அக்டோபரில் மேகாலயா கிளம்பினார்கள். "சார், நீங்க அருவி ஊர்க்காரர், நீங்க இல்லாமயா?" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கௌஹாத்தியில் இறங்கி, ஷில்லாங் போய், அங்கிருந்து சோரா. நாம் பள்ளிப் பாடத்தில் சிரபுஞ்சி என்று படித்த ஊர்தான் சோரா.

அங்கே பெய்யும் மழையை டெல்லியில் இருந்துகொண்டு கற்பனை செய்வது கடினம். 2024 ஜூன் 28 அன்று எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 228 மில்லிமீட்டர் பதிவானது. டெல்லி ஸ்தம்பித்தது. சுரங்கப்பாதைகளில் கார்கள் மிதந்தன. 2022 ஜூன் மாதம் சோராவில் ஒரே நாளில் 972 மில்லிமீட்டர், பக்கத்து மௌசின்ராமில் 1,003 மில்லிமீட்டர். டெல்லிக்கு வருடம் முழுக்கச் சராசரியாகக் கிடைக்கும் மழை 800ஐத் தொடாது. வங்கக் கடலிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று வங்கதேசத்துச் சமவெளியைத் தடையில்லாமல் கடந்து வந்து, திடீரென்று செங்குத்தாக நிற்கும் மேகாலயாவின் காசி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். கொட்டியது அத்தனையும் அதே செங்குத்தான விளிம்பு வழியாகத்தான் கீழே போயாக வேண்டும். அதனால்தான் திரும்பிய பக்கமெல்லாம் அருவி.

அவற்றில் பலவற்றைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்க்கலாம். 340 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நோகலிகாய் அப்படித்தான். எதிரே பார்வைமேடை, தேநீர்க்கடை, லவங்கப்பட்டை விற்கும் பெண்கள். அங்கே நான் கம்பீரமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். வானவில் அருவி அப்படிப்பட்டது இல்லை. திர்னா என்ற கிராமத்திலிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் இறங்க வேண்டும். நடுவில் இரும்பு வடத்தில் தொங்கும் நடைபாலங்கள். அதன் பிறகு நோங்ரியாட். அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டு வழி.

தொங்குபாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ஆள் நடக்கும் அகலம். காலை வைக்க இரும்புக் கம்பிகளைப் பக்கம் பக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் இருக்கும் சந்தில், கீழே பச்சையும் நீலமுமாக ஆறும் லாரி அளவுப் பாறைகளும் தெரியும். முன்னால் ஒருவர் நடந்தால் நமக்கும் ஆடும். அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அதில் ஓடுகிறார்கள். நான் கண்ணை எதிர்க்கரை மரத்தில் வைத்து, ஒரு பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு, முருகா முருகா என்று கடந்தேன். நோங்ரியாட் வந்து சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது. மழையால் மட்டும் இல்லை.

"இன்னும் மேல போகணும் சார்" என்றார்கள். "பாலம் இருக்கா?" என்றேன். இருக்கும் என்றார் கடைக்காரர். "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் இந்த வேர்ப்பாலத்தை நிதானமாப் பாக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பையனிடம் மழைக்கோட்டு இல்லை. என் மஞ்சள் கோட்டைக் கழற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

அவர்கள் திரும்பி வந்து காட்டிய படங்களில் ஒன்று அருமையாக விழுந்திருந்தது. நீலக் குளம், வெள்ளை அருவி, அதைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நிற்கும் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. தலையில் முக்காடு வேறு. ஷில்லாங் வந்து சிக்னல் கிடைத்ததும் எங்கள் பயணப் படங்களை மொத்தமாக நேரு பூங்கா வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அந்த மஞ்சள் கோட்டை எல்லோருக்கும் தெரியும். டெல்லி மழையில் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கப் போவேன். "சூப்பர் தம்பி! குற்றாலத்துச் சிங்கம்!" என்று ஒருவர் எழுதினார். "அது நான் இல்லை" என்று இரண்டு விரலால் தட்டியிருந்தால் முடிந்திருக்கும். நான் கும்பிடும் கைப்படம் ஒன்றை அனுப்பினேன். அந்தக் கும்பிடுதான் முதல் பொய்.

அதன் பிறகு பொய்யைத் தேடிப் போகவே வேண்டியிருக்கவில்லை. ஒருவர் கேட்பார், நான் தலையாட்டுவேன். "தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சா?" என்றால் பையன்கள் சொன்னதைச் சொல்வேன். "மீன் காலைக் கடிக்கும்" என்று அவர்களிடம் கேட்டதை என் காலுக்கு மாற்றிக்கொண்டேன். என்னோடு வந்த பையன்கள் வேலை மாறி வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். சாட்சியும் இல்லை. துணிச்சல் கூடியது.

இதில் ஒரு விஷயத்தை நான் பின்னால்தான் கவனித்தேன். யார் கேட்டாலும் "ரொம்ப ஈஸி, படிதான்" என்று சொல்லிவந்திருக்கிறேன். கடினம் என்று சொல்லியிருந்தால் இன்னும் பெருமையாக இருந்திருக்குமே, ஏன் எளிது என்றேன்? கடினம் என்றால் அடுத்த கேள்வி வரும். எந்த இடத்தில் கடினம், எப்படிச் சமாளித்தீர்கள், பாறையில் வழுக்காதா? பதில் என்னிடம் கிடையாது. எளிது என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த வழியின் கஷ்டம் முழுவதையும் ஒரே வார்த்தையில் அழித்தேன்.

நடைக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவர் இருக்கிறார். தஞ்சாவூர்க்காரர். அறுபதைத் தாண்டியவர், வலது முட்டியில் தேய்மானம். அவருக்கும் அவர் மனைவிக்கும் மேகாலயா போக ஆசை. பயணத் திட்டம் முழுவதையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். "தம்பி, முட்டி தாங்குமா?" என்று நேராகவே கேட்டார். அது நான் உண்மையைச் சொல்ல வேண்டிய இடம். சொன்ன பதில் இது: "பழனி ஏறியிருக்கீங்கல்ல சார்? அதே மாதிரிதான், படி." அதோடு நிறுத்தினேனா? "வானவில் அருவியைப் பாக்காம வந்தா அவ்வளவு தூரம் போனதே வேஸ்ட்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பழனியில் படிகள் சுமார் 690. அதை விடுங்கள். பழனியில் முதலில் ஏறுகிறோம். முடியவில்லை என்றால் நடுவில் உட்கார்ந்து, அப்படியே கீழே வந்துவிடலாம். களைத்த பிறகு பாக்கி இருப்பது இறக்கம். நோங்ரியாட் தலைகீழ். தெம்பாக இருக்கும் காலையில் இறங்குகிறோம். மூச்சு வாங்காது, எல்லாம் எளிதாகத் தெரியும். ஆனால் இறங்கும்போதுதான் தொடைத்தசை ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடையைத் தாங்கிப் பிடித்து இறக்குகிறது. முட்டிமேல் விழும் பாரமும் அப்போதுதான் அதிகம். உடம்பு உடனே சொல்லாது. கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் கால் நடுங்கும். அந்தக் காலோடு அத்தனை படியும் ஏறியாக வேண்டும், வண்டி வரும் சாலை மேலேதான் இருக்கிறது. நானே அன்று திரும்பி ஏறியபோது கையால் தொடையைத் தூக்கித் தூக்கி வைத்துத்தான் வந்தேன். அதையும் அவரிடம் சொல்லவில்லை.

அவர்கள் போனது ஜூலையில், நல்ல மழைக்காலத்தில். பகலில் நோங்ரியாட் சேர்ந்துவிட்டார்கள். முட்டி வலிக்கத் தொடங்கியிருக்கிறது. இங்கேயே இருந்துவிட்டுத் திரும்பலாமா என்று யோசித்திருக்கிறார்கள். நான் சொன்ன 'வேஸ்ட்' ஞாபகம் வந்திருக்கிறது. மேலே நடந்தார்கள். அருவிக்குப் போய்ச் சேரவில்லை. பாசி படிந்த பாறையில் அந்த அக்கா வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் விரிசல். திரும்பி ஏறும்போது சாருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. இருட்டிவிட்டது. கிராமத்து இளைஞர்கள் நான்கைந்து பேர் செல்போன் வெளிச்சத்தில், தோள் மாற்றித் தோள் மாற்றித் தாங்கி மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள். பணம் கொடுத்ததற்கு வாங்க மறுத்து, பிறகு வற்புறுத்தியதும் தேநீருக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்களாம். அக்காவுக்கு ஷில்லாங்கில் மாவுக்கட்டு போட்டார்கள்.

அவர்கள் டெல்லி திரும்பியதும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையோடு அக்கா எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். நான் அங்கே உட்கார்ந்து என்ன சொன்னேன் தெரியுமா? "மழை நேரத்துல போனதுதான் சார் தப்பாப் போச்சு. நாங்க போனப்ப காய்ஞ்சு கிடந்துச்சு." பொய் சொன்னதைவிட, எளிது என்று அனுப்பியதைவிட, இந்த ஒரு வரிதான் நான் செய்ததில் மிகக் கேவலமானது. பழியை மழைமேல் போட்டேன். பாதியை அவர்கள்மேல் போட்டேன்.

மழை என்ன புதிதா? அந்த மலையே மழையால் ஆனது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் என்ன நடந்தது என்று எங்கள் ஊர்க்காரனான எனக்குத் தெரியாதா? குளித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் நொடிகளில் வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அருவியில் வரும் தண்ணீரை நாம் நிற்கும் இடத்து மழை தீர்மானிப்பதில்லை. மேலே கண்ணுக்குத் தெரியாத காட்டில் பெய்வது தீர்மானிக்கிறது. அடுத்த மாதமே, ஜூன் 30 அன்று, மகாராஷ்டிரத்தில் லோனாவாலா புஷி அணைப் பக்கத்தில் ஒரே குடும்பத்தில் ஐந்து பேரை அருவி வெள்ளம் கொண்டுபோனது. நடுப்பாறையில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து நின்ற அந்தக் காட்சியை நாடே செல்போனில் பார்த்தது. நானும் பார்த்து உச்சுக் கொட்டினேன். மறுநாள் காலை பூங்காவில் யாரோ கேட்டதற்கு, வானவில் அருவி ஈஸி என்றேன்.

கடைசியில் சாரிடம் சொன்னேன். பூங்கா பெஞ்சில், மற்றவர்கள் முன்னால் நடந்துபோன பிறகு. மஞ்சள் கோட்டு, பெஞ்சு, பயம் எல்லாம். அவர் திட்டவில்லை. நீண்ட நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "வீட்டுல அவகிட்ட நீயே வந்து சொல்லிடு" என்றார். அதுவரை "தம்பி, வாங்க, போங்க" என்று பேசியவர் அன்று முதல் தடவையாக ஒருமையில் பேசினார்.

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. முழுவதும் கேட்டார். "பாக்கலைங்கிறது பரவால்ல தம்பி. நீங்க அந்தக் கடையிலேயே உக்காந்துட்டீங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, நாங்களும் அங்கேயே உக்காந்திருப்போமே" என்றார்.

என் குற்றம் என்ன என்று எனக்கே விளங்கியது அப்போதுதான். பெருமைக்காக ஒரு பொய் சொன்னேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் மறைத்தது ஒரு பயந்தாங்கொள்ளியை மட்டும் இல்லை. 'இந்த இடத்தில் ஒரு ஆள் திரும்பிவிட்டான், திரும்பினால் ஒன்றும் குடிமுழுகாது' என்ற தகவலை மறைத்திருக்கிறேன். முட்டி வலியோடு நோங்ரியாட்டில் நின்ற இரண்டு பேருக்கு அன்று தேவைப்பட்டது அந்தத் தகவல் ஒன்றுதான். போய் வந்தவன் கதை ஊர் முழுக்கக் கிடைக்கும். திரும்பி வந்தவன் கதை கிடைப்பதில்லை, வெட்கப்பட்டு விழுங்கிவிடுகிறோம்.

இன்னொரு நட்டமும் உண்டு, அது எனக்கு. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் ஒன்றை உண்மையாகவே பார்த்தேன். ரப்பர் ஆலமரத்தின் வேர்களை மூங்கிலும் பாக்குமரத் தண்டும் கொடுத்து ஓடைக்குக் குறுக்கே செலுத்தி, அது அக்கரை மண்ணைப் பிடித்துத் தடிக்க, ஆள் நடக்கும் பாலமாகக் காசி மலை மக்கள் வளர்த்திருக்கிறார்கள். பாரம் தாங்க இருபது முப்பது வருடம்கூட ஆகும். நட்டவர் நடப்பாரோ இல்லையோ, பேரன் நடப்பான். நோங்ரியாட்டில் இருப்பது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. கைப்பிடிக்கு நீட்டிய இளவேர் சுண்டுவிரல் கனம்தான். நடைபாதை வேர்கள் தொடைக் கனம். நெற்றியில் பட்டை கட்டி முதுகில் கூடை சுமந்த ஒரு பெண், நான் மூச்சுத் திணறி இறங்கிய அதே படிகளிலிருந்து அரிசியோடு வந்து, பேசிக்கொண்டே அதைக் கடந்து போனார். 2022இல் இந்த வேர்ப்பாலங்களை யுனெஸ்கோவின் உலக மரபுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டு, இதைப் பற்றி நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் எங்கே உட்கார்ந்து பார்த்தாய் என்று கேட்பார்களே. பார்க்காத அருவியைக் காப்பாற்ற, பார்த்த பாலத்தைக் காவு கொடுத்தேன்.

வாட்ஸ்அப் குழுவிலும் எழுதிவிட்டேன். சிலர் சிரிப்புப் படம் போட்டார்கள். ஒருவர் "அப்போ தேனருவி?" என்று கேட்டார். அதுவும் பொய்தான் என்று பதில் போட்டேன். இப்போது யாரும் என்னிடம் அருவிக்கு வழி கேட்பதில்லை. சரியான தண்டனை.

உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. மழைக்காலம் வந்தால் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு அருவியைச் சொல்லி "ஈஸிதான், போய்ட்டு வாங்க" என்பார். படம்கூடக் காட்டுவார். ஏற்றம் முதலிலா கடைசியிலா, மேலே மழை பெய்தால் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் ஏறும், உள்ளூர் ஆள் துணைக்குக் கிடைப்பாரா என்றெல்லாம் அவரிடம் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், "எந்த இடத்தில் திரும்பிவிடலாம் என்று தோன்றியது?" என்று கேளுங்கள். உண்மையாகப் போய் வந்தவர் என்றால் அந்த இடத்தைச் சரியாகச் சொல்வார். எங்குமே தோன்றவில்லை என்பவரை நம்பி வீட்டுப் பெரியவர்களை அனுப்பாதீர்கள்.